மார்கன், பீஸ் டாலர்: 1921 அசலும் 2023 புரூஃபும் ஒரே ட்ரேயில்

அமெரிக்க மின்ட் (அரசு நாணய ஆலை) 2021-ல் மறுபடி அடிக்கத் தொடங்கிய மார்கன், பீஸ் வெள்ளி டாலர்களை அவற்றின் 1921 அசல்களோடு ஜோடி சேர்ப்பதுதான் இந்தத் தொகுப்பு. இப்போது ட்ரேயில் இருப்பவை 1921 மார்கன், 1921 பீஸ், 2021-ல் வந்ததில் ஒவ்வொன்று, 2023-எஸ் புரூஃப் (கண்ணாடித் தளமும் மங்கலான உருவமும் கொண்ட சிறப்பு நாணயம்) இரண்டு. இதற்கு நேர்மாறாகத் தளம் மங்கலாக, உருவம் கண்ணாடியாக இருக்கும் ரிவர்ஸ் புரூஃப் ஜோடி இனிமேல்தான்.

வாங்கும் முன் ஒன்று தெளிவாக வேண்டும். 2021-ல் வந்தவை எதுவும் புரூஃப் அல்ல, எல்லாமே அன்சர்க்குலேட்டட், அதாவது புழக்கத்துக்குப் போகாத, ஆனால் கண்ணாடித் தளம் இல்லாத நாணயம். அவற்றையும் புரூஃப் என்று எழுதி விலை கூட்டி விற்பவர்கள் உண்டு. 2022-ல் இந்த வரிசையில் எதுவும் வெளியாகவில்லை. புரூஃப் வந்தது 2023-ல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, எஸ் குறியோடு. அதேபோல 2021 மார்கனில் சிசி, ஓ குறி போட்டவை கார்சன் சிட்டியிலோ நியூ ஆர்லியன்ஸிலோ அடித்தவை அல்ல. இரண்டும் பிலடெல்பியாவில் அடித்தவை. மூடிய பழைய ஆலைகளின் நினைவாகப் போட்ட குறி அது.

கண்ணாலேயே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அச்சடித்த தாள் ஒன்றை நாணயத்தின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். புரூஃப் என்றால் வெற்றுத் தளத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாகத் தெளிந்து விழும். அன்சர்க்குலேட்டட் தளம் மினுங்கும், எழுத்து மட்டும் கலங்கிப்போகும்.

பழையதையும் புதியதையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்தான் இந்த முயற்சியின் முழு ருசியும். அமெரிக்காவின் பிட்மன் சட்டத்தின் கீழ் 1918-லிருந்து 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக 1921-ல் மார்கன் டாலரை மீண்டும் அடிக்க வேண்டி வந்தபோது பழைய மூல அச்சுகள் இல்லை. புதிதாகச் செய்தார்கள், உருவத்தின் புடைப்பு தாழ்ந்துபோனது. அந்த ஆண்டு மார்கனில் முன்பக்க லிபர்ட்டி பெண்ணின் காதுக்கு மேல் முடியையும் பின்பக்கக் கழுகின் மார்பையும் பத்து மடங்கு லூப்பில் (உருப்பெருக்கி) பாருங்கள். இறகுக் கோடுகள் பல நாணயங்களில் வழுக்கையாக இருக்கும். தேய்மானம் என்று நினைத்துவிடக் கூடாது, அடி சரியாக விழாததும் காரணமாக இருக்கும். தேய்ந்த இடம் மந்தமாகச் சாம்பல் பூத்திருக்கும். அடி விழாத இடத்தில் தளத்தின் மினுமினுப்பு தொடர்ந்து ஓடும். 2023 புரூஃபில் அதே இடத்தில் இறகுகள் ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் நிற்கின்றன. மெருகேற்றிய வில்லையை (அடிக்கும் முன் உள்ள வெற்று உலோகத் தட்டு) மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பதன் பலன் அது.

பீஸ் டாலரில் கதை வேறு. சிற்பி அந்தோணி டி பிரான்சிசியின் வடிவம் 1921-ல் உயர்ந்த புடைப்போடு வந்தது. நடுப்பகுதிக்கு உலோகம் ஏறவில்லை, அச்சுகளும் சீக்கிரம் உடைந்தன. அதனால் 1922-ல் புடைப்பைக் குறைத்தார்கள். 1921 பீஸ் எடுக்கும்போது நடுமுடி கொஞ்சம் மழுங்கியிருந்தால் அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்.

எடைக்கு 0.01 கிராம் துல்லியத் தராசு போதும். அசல் 26.73 கிராம், 90 சதவீத வெள்ளி, மீதி செம்பு. புதியது 0.999 தூய்மை, சுமார் 26.69 கிராம். விட்டம் இரண்டுக்கும் 38.1 மி.மீ. எடை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதால் அசலுக்கு நீர் சோதனையும் உண்டு. தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கவிட வேண்டும். தராசு ஏறத்தாழ 2.58 கிராம் காட்டினால் சரி. வெள்ளி முலாம் பூசிய செம்பில் அதே எடைக்கு 2.98 பக்கம் வரும். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், செம்பைக் காட்டிக்கொடுக்காது. புரூஃபைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. உலர்ந்த சொட்டின் வட்டம் கண்ணாடித் தளத்தில் அப்படியே தங்கிவிடும்.

காப்ஸ்யூல் தேர்வில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்கன் ஈகிள் வெள்ளி நாணயத்துக்கான 40.6 மி.மீ. காப்ஸ்யூலில் இதைப் போட்டால் ஆடும். ஆடினால் விளிம்பு உரசும். 38 மி.மீ. அளவே எடுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறைகள் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக அதிலிருந்து பசைபோல் பச்சைப் படலம் கசிந்து வெள்ளியை அரிக்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, இரண்டாவது கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடலாம். நெயில் பாலிஷ் நீக்கி இதற்கு ஆகாது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பால்புள்ளிதான் பெரிய தலைவலி. வில்லையைக் கழுவிய ரசாயனம் முழுக்கப் போகாமல் அடிபட்டு, மாதங்கள் கழித்து வெண்திட்டாக மேலே வருகிறது என்பதே பொதுவான விளக்கம். அசிட்டோனுக்கு அது அசையாது. ரப்பரால் தேய்த்தால் புள்ளியோடு மெருகும் போகும். கறுப்பை நீக்கும் வெள்ளி டிப் திரவம் புரூஃப் உருவத்தின் உறைபனி மங்கலைத் தின்றுவிடும். புள்ளி வந்ததை அப்படியே விடுவதே நல்லது.

கடலோர ஊர்களில் சிலிகா ஜெல் கட்டாயம். ஆனால் அது ஈரத்தை மட்டுமே இழுக்கும். வெள்ளியைக் கறுக்கவைக்கும் கந்தக வாயுவை இழுக்காது. அதனால் கறுப்பு தடுக்கும் பட்டையையும் சேர்த்து வையுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், சாதாரண அட்டைப்பெட்டி மூன்றையும் அந்த அலமாரியிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

கீறல் பார்க்கும்போது ஒற்றை பல்பின் கீழ் நாணயத்தை மெல்லத் திருப்புங்கள். உருவத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும் மேடான கோடுகள் அச்சை மெருகேற்றியபோது விழுந்தவை, பயமில்லை. தளத்திலிருந்து உருவத்தின் மேலும் ஏறி ஓடும் பள்ளக்கோடு யாரோ துடைத்ததால் வந்தது. அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

படம் எடுக்க: கண்ணாடித் தளம் எதிரே இருப்பதையே காட்டும். லென்ஸ் அளவு துளையிட்ட கறுப்பு அட்டையை லென்ஸில் மாட்டினால் தளம் கருப்பாக விழும். பத்து மணி, இரண்டு மணி திசைகளில் தாழ்வாக, டிரேசிங் தாள் மூடிய இரண்டு எல்.இ.டி. விளக்கு வைத்தால் உருவம் வெண்மையாக எழும்.

ரிவர்ஸ் புரூஃபில் இது தலைகீழ். தளம் மங்கல், உருவம் கண்ணாடி. லிபர்ட்டியின் கன்னம் அகன்ற வெற்றுப் பரப்பு என்பதால் கீறல் முதலில் தெரிவது அங்கேதான். ஆகவே அந்த ஜோடியை வாங்கும்போது விற்பவரிடம் கன்னத்தை மட்டும் இரண்டு கோணத்தில் நெருங்கி எடுத்த படம் கேளுங்கள்.