எந்த 'ஹேர்'?

வியட்நாம் போர்க்கால ஹிப்பி இளைஞர்களைப் பற்றிய 'ஹேர்' என்ற அமெரிக்க இசை நாடகத்துக்கான ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையில் கை வைக்கிறவர்களுக்குத் தகவல் பஞ்சம் இருக்காது. எந்த 'ஹேர்' என்பதில்தான் சிக்கல். 1967 அக்டோபர் 17 அன்று நியூயார்க்கில், ஜோசப் பாப்பின் பப்ளிக் தியேட்டரில் ஆறு வாரக் கணக்கில் மேடையேறியது ஒன்று. டிசம்பரில் சீட்டா என்ற டிஸ்கோ அரங்குக்கு நகர்ந்தது அதன் தொடர்ச்சி. 1968 ஏப்ரல் 29 அன்று, நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகள் அடங்கிய பிராட்வேயின் பில்ட்மோர் அரங்கில், டாம் ஓஹோர்கன் இயக்கத்தில் தொடங்கியது வேறொன்று. 1979இல் மிலோஷ் ஃபோர்மன் எடுத்த படம் இன்னொன்று. 2009இல் டயான் பவுலஸ் இயக்கத்தில் பிராட்வேக்குத் திரும்பி வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெரோம் ராக்னி, ஜேம்ஸ் ராடோ இருவரின் எழுத்தும் கால்ட் மெக்டெர்மட்டின் இசையும்தான் இவை எல்லாவற்றுக்கும் பொது. கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, "நீ எந்த 'ஹேர்' பற்றிப் பேசுகிறாய்?" என்று கேட்டாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

கதைச்சுருக்கத்தில் இந்தக் குழப்பம் பளிச்சென்று தெரியும். மேடையில், ராணுவ அழைப்பு வந்த க்ளாட் போவதா மறுப்பதா என்று தவித்து, கடைசியில் வியட்நாம் போய்ச் சாகிறான். படத்தில் க்ளாடுக்குப் பதிலாக ராணுவ முகாமுக்குள் போகும் நண்பன் பெர்ஜர் வியட்நாம் விமானத்தில் ஏற்றப்பட்டு, பெர்ஜர்தான் சாகிறான். மேடையில் ஷீலா போரை எதிர்த்துப் போராடும் மாணவி. படத்தில் பணக்கார வீட்டுப் பெண். படத்தை மட்டும் பார்த்தவர் நல்லெண்ணத்தோடு வந்து முடிவைத் "திருத்தி"விட்டுப் போவார். அதை மீளமைத்தால், அதாவது பழைய பதிப்புக்கே திருப்பினால், அடுத்த மாதம் இன்னொருவர் வருவார். அந்தப் பகுதியின் தலையில், தொகுப்புப் பெட்டியைத் திறந்தால் மட்டும் தெரிகிற மறைகுறிப்பு ஒன்று வைத்துவிடுங்கள்: "இது பிராட்வே மேடை வடிவத்தின் கதை, படத்துக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது." இந்த ஒரு வரி பத்து மீளமைப்புகளை மிச்சப்படுத்தும். 1967 வடிவத்தில் க்ளாட், திரைப்பட இயக்குநராக ஆசைப்படும் வேற்றுக்கிரகவாசி. இது சுவையான தகவல்தான், ஆனால் இதன் இடம் நாடகம் உருவான வரலாற்றுப் பகுதி. கதைச்சுருக்கத்தில் செருகினால் வாசிப்பவர் திணறிப்போவார். முதல் அங்கத்தின் முடிவில் வரும் ஆடையில்லாத காட்சியும் 1967இல் கிடையாது, பிராட்வேயில் சேர்ந்தது. 'லெட் த சன்ஷைன் இன்' பாடலும் அப்படித்தான். பாடல் பட்டியலுக்கு மேலே எந்த ஆண்டின் வரிசை என்று எழுதாவிட்டால், ஆளாளுக்குத் தன்னிடம் இருக்கும் இசைத்தட்டின்படி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முகவுரையில் இப்படி எழுதத்தான் கை போகும்: "ஹேர் 1968இல் அரங்கேறி, 1,750 முறை நிகழ்த்தப்பட்ட, டோனி விருது பெற்ற நாடகம்." படிக்க நன்றாக இருக்கிறது, மூன்று இடத்தில் தப்பு. அரங்கேற்றம் 1967. 1,750 என்பது பிராட்வேயின் முதல் ஓட்டத்துக்கு, அதாவது 1972 ஜூலை 1 வரைக்குமான கணக்கு மட்டுமே. லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் மட்டும் 1,997 காட்சிகள் நடந்தன. 1973 ஜூலையில் அரங்கின் கூரை இடிந்து விழுந்ததால் நின்றது. பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதைப் பொறுத்தவரை, 1969இல் சிறந்த இசை நாடகம், சிறந்த இயக்கம் இரண்டுக்கும் பரிந்துரை கிடைத்தது. நாடக விருதை '1776' கொண்டுபோனது. 'ஹேர்' டோனி வாங்கியது 2009இல், மறு அரங்கேற்றத்துக்கான பிரிவில். ஆகவே வாக்கியத்தை உடைக்க வேண்டும்: "1967இல் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறிய ஹேர், 1968 ஏப்ரலில் பிராட்வேக்கு வந்து 1,750 காட்சிகள் ஓடியது. 2009 மறு அரங்கேற்றம் டோனி விருது பெற்றது." அழகு கொஞ்சம் குறையும். குறையட்டும், இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக மேற்கோள் கொடுக்க முடியும்.

தணிக்கை, வழக்கு பற்றிய பகுதிக்கு இன்னும் நிதானம் தேவை. லண்டனில் நாடகம் தொடங்கியது 1968 செப்டம்பர் 27. நாடகங்களைத் தணிக்கை செய்ய லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரிக்கு இருந்த அதிகாரம் புதிய சட்டத்தால் அதற்கு முந்தைய நாள்தான் முடிவுக்கு வந்தது. இரண்டு தேதியையும் அடுத்தடுத்து வைத்தால் போதும், "புரட்சிகரமான" போன்ற அடைமொழி எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் சட்டனூகா நகர நிர்வாகம் நகராட்சி அரங்கை நாடகத்துக்கு வாடகைக்குத் தர மறுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்புச் சொன்னது. "ஹேர் ஆபாசமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. உரிய நடைமுறைப் பாதுகாப்பு இல்லாமல் முன்கூட்டியே தடுத்தது செல்லாது என்பதுதான் தீர்ப்பு. ஆபாசமா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே அது போகவில்லை. இந்த வித்தியாசத்தைச் சரியாக எழுதுவது கட்டுரையின் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது தொகுப்புப் பெட்டிக்கு முன்னால் பேச்சுப் பக்கத்தை, அதாவது கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பக்கத்தை, திறக்க வேண்டும். அதன் பழைய காப்பகங்களையும் படியுங்கள். நீங்கள் எழுப்பப்போகும் கேள்வி ஏற்கெனவே விவாதித்து முடிந்ததாக இருக்கலாம். பிறகு உத்தேசப் பகுதித் தலைப்புகளைப் போட்டு, யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதி, சில நாள் விடுங்கள். அரங்கேற்றங்கள் ஒருவருக்கு, இசையும் பதிவுகளும் ஒருவருக்கு, கருப்பொருள் ஒருவருக்கு என்று பிரித்தால், ஒரே இடத்தை இருவர் ஒரே நேரத்தில் மாற்றி மோதிக்கொள்ளும் தொகுத்தல் முரண் குறையும். முழுப் பக்கத்தையும் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் எழுதாதீர்கள். பகுதி பகுதியாகத் தொகுத்து அவ்வப்போது சேமியுங்கள். பெரிய மாற்றத்தை மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கத்தில் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் "மேம்படுத்தினேன்" என்பது யாருக்கும் உதவாது. "1972 நிறைவுத் தேதிக்கு மேற்கோள், படத்தின் முடிவை நீக்கினேன்" என்று எழுதினால் பின்னால் வருகிறவருக்குப் புரியும். 24 மணி நேரத்தில் மூன்று மீளமைப்புக்கு மேல் போனால் தடை வரலாம். ஆனால் இரண்டாவது மீளமைப்பிலேயே பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

தேதி, காட்சிக் கணக்கு, நடிகர் பட்டியலுக்குப் பிராட்வே தரவுத்தளமும் அந்தக் கால நாளிதழ்களும் போதும். பழைய இதழ்கள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால் தொகுப்பவர்களுக்கான 'விக்கிப்பீடியா நூலகம்' என்ற இணையச் சேவையை முயன்று பாருங்கள். கணக்குத் தொடங்கி ஆறு மாதமும் 500 தொகுப்புகளும் ஆன, தொடர்ந்து தொகுத்துவருகிற பயனருக்குப் பல இதழ்க் காப்பகங்கள் இலவசமாகத் திறக்கும். நடித்தவர்களின் நினைவுக் குறிப்புகளை "அவர் கூற்றுப்படி" என்று பெயர் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும். ரசிகர் தளம் ஒரு தகவல் எங்கே கிடைக்கும் என்று துப்புக் கொடுக்கும், மேற்கோளாக நிற்காது. நூல் மேற்கோளில் பக்க எண் இல்லாவிட்டால் கட்டுரையின் தர மதிப்பீட்டில் திருப்பி அனுப்பக்கூடும். பிறகு அதே நூலைத் தேடிப் பிடித்து மறுபடி புரட்டுவதைப் போல அலுப்பு வேறில்லை, எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நடிகர் பட்டியல் வீங்கும். முதல் பிராட்வே குழுவில் டயான் கீட்டன், மெல்பா மூர். லண்டனில் டிம் கரி, எலைன் பெய்ஜ். மியூனிக்கில் டோனா சம்மர். பின்னாளில் புகழ்பெற்றவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது எல்லாரையும் சேர்க்க ஆசை வரும். அட்டவணையில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றவர்கள் மட்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு உரைநடையில் ஒரு வரி. ஃபிஃப்த் டைமன்ஷன் இசைக்குழு 'அக்வேரியஸ்', 'லெட் த சன்ஷைன் இன்' இரண்டையும் இணைத்துப் பாடிய பாடல் 1969இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்ததற்கும் இங்கே ஒரு வரி போதும், மீதியெல்லாம் பாடலின் தனிக் கட்டுரைக்கு.

பாடல் வரிகள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஒரு கருத்தை விளக்கத் தேவையான சில சொற்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒலித்துண்டு 30 நொடி அல்லது பாடலின் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதுதான் எல்லை. மூன்று நிமிடப் பாடலுக்கு 18 நொடி. சுவரொட்டிப் படத்தைச் சிறிதாக்கி, பதிப்புரிமை உள்ள படத்தை ஏன் பயன்படுத்துகிறோம் என்ற நியாயப் பயன்பாட்டுக் காரணம் எழுதி ஏற்ற வேண்டும்.

தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்த நாடகத்தில் நடிகர் கூட்டத்துக்குப் பெயர் 'ட்ரைப்'. அதைப் பழங்குடி என்று எழுதினால் வாசகர் வேறு எங்கோ போய்விடுவார், 'குழுவினர்' என்றால் சாரம் போய்விடும். 'ட்ரைப்' என்றே வைத்து, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். அடுத்தது, மொழிபெயர்ப்பைச் சேமிக்கும் முதல் தொகுப்பிலேயே சுருக்கப் பெட்டியில் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். விக்கிப்பீடியாவின் உரிமம் அதைக் கேட்கிறது. "ஆங்கில விக்கிப்பீடியாவின் ஹேர் கட்டுரையிலிருந்து மொழிபெயர்ப்பு, பங்களித்தோர் விவரம் அதன் வரலாற்றுப் பக்கத்தில்" என்று எழுதி, எந்த நாள் பதிப்பு என்ற இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.