ஜெர்மனியில் இருந்து எலி வரவழைத்த கதை

வெளிநாட்டு லேபில் இருந்து ஆராய்ச்சிக்கு எலி வரவழைக்கப் போகிறீர்களா? எந்தப் படிவத்தையும் திறப்பதற்கு முன்னால் உங்கள் அனிமல் ஹவுஸ் கால்நடை மருத்துவரிடம் போய் உட்காருங்கள். எல்லோரும் எம்டிஏ (ஆய்வுப் பொருளைக் கைமாற்றும் ஒப்பந்தம்), லைசென்ஸ், விமானம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் இழுத்தடித்தாலும் கடைசியில் கிடைத்துவிடும். ஆனால் அந்த எலியை நம் கட்டடத்துக்குள் விடலாமா என்று சொல்லும் அதிகாரம் டாக்டரிடம்தான் இருக்கிறது, அவர் வேண்டாம் என்றால் தில்லியில் வாங்கிய அத்தனை அனுமதியும் கோப்பில் கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் தேவை கொஞ்சம் விசேஷமானது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் மட்டும் ஒரு ஜீன் முடக்கப்பட்ட எலி வேண்டும். சாதாரண இனங்கள் என்றால் இந்தியாவிலேயே உள்ள வளர்ப்பகங்களில் இருந்து நெடுங்காலமாக வந்துகொண்டுதான் இருக்கின்றன, விலங்கு ஆய்வுக்கான 1998 விதிகளும் பதிவு பெற்ற வளர்ப்பகத்தில் வாங்கு, அங்கே கிடைக்காவிட்டால்தான் வேறு சட்டப்பூர்வ வழி என்றுதான் சொல்கின்றன. நாங்கள் கேட்ட எலி இந்தியாவில் யாரிடமும் இல்லை. இல்லை என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு மேசையிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் எல்லோரும் 'பிளாக் சிக்ஸ்' என்று ஒரே பெயரில் கூப்பிடும் கறுப்பு ஆய்வக எலி உண்மையில் ஒன்றல்ல. 1921-ல் அமெரிக்காவில் உருவான அந்த இனத்தில் ஒரு கிளை 1951-ல் எலி வளர்ப்புக்குப் பேர்போன ஜாக்சன் லேபில் இருந்து அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சுக்குப் போய் அங்கே தனியாகப் பெருகியது. ஜாக்சனில் தங்கியது ஜே, போனது என். ஜே கிளையில் என்என்டி என்ற ஜீனில் ஒரு துண்டு கிடையாது, அதனால் குளுக்கோஸ் கொடுத்தால் இன்சுலின் சரியாகச் சுரப்பதில்லை. என் கிளைக்குக் கண்ணில் வேறு ஒரு கோளாறு. நாங்கள் பார்ப்பதே இன்சுலின் சுரப்பை என்னும்போது, ஜெர்மனியில் இருந்து என் கிளை எலியை வாங்கி, எங்கள் அனிமல் ஹவுஸில் எந்தக் காலத்தில் வந்தது என்றே தெரியாத பிளாக் சிக்ஸுடன் ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசம் ஜீனால் வந்ததா கிளையால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஒப்பீட்டுக்கான எலியும் அங்கிருந்தே வர வேண்டும் என்று முடிவு செய்தோம். எண்ணிக்கை கூடியது, எத்திக்ஸ் கமிட்டியில் கேள்வியும் கூடியது.

டாக்டர் முதலில் கேட்டது ஹெல்த் ரிப்போர்ட். அனுப்பும் அனிமல் ஹவுஸில், குறிப்பாக எலி இருக்கும் அந்த அறையில், எந்தெந்த வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணிக்குச் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள், எத்தனை எலியில் எத்தனை பாசிட்டிவ் என்ற அட்டவணை அது. ஐரோப்பாவில் ஆய்வு விலங்கு அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெலாசா பரிந்துரைத்த வடிவத்தில் கொடுப்பார்கள், படிக்க எளிது. கடைசிச் சோதனையை மட்டும் பார்த்தால் போதாது, முந்தைய ஒன்றரை வருடத்தையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். ஒரு முறை பாசிட்டிவ் வந்து அடுத்த முறை நெகட்டிவ் வந்திருந்தால் நடுவில் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார். எங்களுக்கு வந்த அட்டவணையில் மவுஸ் ஹெபடைடிஸ் வைரஸ் இல்லை, பார்வோ இல்லை, மைக்கோபிளாஸ்மா இல்லை. குடலில் தங்கும் நோரோ வைரஸும் ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவும் இருந்தன. எலியின் நோரோ வைரஸ் 2003-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, தேட ஆரம்பித்த பிறகு பல்கலைக்கழக எலிக்கூடங்களில் எங்கு பார்த்தாலும் அதுதான். பெரும்பாலான எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் எங்கள் பக்கத்து அறையில் நோய் எதிர்ப்பு ஆய்வு நடக்கிறது, அவர்கள் சும்மா விடுவார்களா. வரட்டும், ஆனால் பெரியவை எதுவும் குவாரண்டைன் கதவைத் தாண்டக் கூடாது, குட்டிகள் மட்டும் கிருமி இல்லாமல் சுத்தம் செய்து உள்ளே வரும் என்று டாக்டர் நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனைதான் மொத்தத் திட்டத்தையும் தீர்மானித்தது.

இனி காகிதம். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் ஆய்வுக்கு அனுமதி கேட்டு ஃபார்ம் பி போட வேண்டும். எலி என்பதால் ஆய்வுக்கான ஒப்புதல் அங்கேயே முடிந்தது, நாய், குரங்கு என்றால் விலங்கு ஆய்வைக் கண்காணிக்கும் மத்திய அரசின் தில்லிக் கமிட்டி வரை போக வேண்டும். அந்தக் கமிட்டிக்கு முன்பு சிபிசிஎஸ்இஏ என்று பெயர், இப்போது சிசிஎஸ்இஏ. பழைய படிவத்தில் பழைய பெயர் இருந்தால் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். மரபணு மாற்றிய உயிர் என்பதால் உயிர்ப் பாதுகாப்புக் குழு தனி, அது உயிரித் தொழில்நுட்பத் துறையின் போர்ட்டலில் பதிவாக வேண்டும். இறக்குமதிக்குத் தில்லிக் கமிட்டியின் அனுமதி, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் உரிமம், கால்நடை குவாரண்டைன் நிலையத்தின் தடையில்லாச் சான்று (என்ஓசி). எதற்கு முன் எது என்பதை உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போன வருடம் வாங்கியவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வு விலங்கு இதற்கு முன் கிளியர் செய்த ஏஜென்டாகவும் இருக்கட்டும். மருந்து, மெஷின் இறக்குபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உயிருள்ள பெட்டி வரும்போது தடுமாறுவார்.

எம்டிஏ தனிக் கதை. ஜெர்மானியப் பேராசிரியர் தங்கமான மனிதர், இலவசமாகவே தருகிறேன் என்றார். ஆனால் அந்த எலியை முதலில் உருவாக்கியது அவர் இல்லை, வேறு ஒரு நாட்டு லேப், அவர்களிடம் கையெழுத்துப் போட்டுத்தான் இவர் வாங்கியிருக்கிறார். ஆக எங்களுக்குக் கொடுக்க அவர்களும் சம்மதிக்க வேண்டும். எலி கேட்கும் முதல் மெயிலிலேயே 'இது உங்களுடையதா, வேறு யாருடைய உரிமையாவது இதில் இருக்கிறதா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரு பக்க வக்கீல்களும் பேசி முடிப்பதற்குள் நமக்கு நரை விழாது.

என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் உண்மையான கஷ்டம் எந்த அனுமதியிலும் இல்லை. மூன்று கெடுக்கள் தனித்தனியாக ஓடுகின்றன, அவற்றை ஒரே வாரத்தில் சந்திக்க வைப்பதுதான் கஷ்டம். உரிமத்துக்கு ஒரு செல்லுபடிக் காலம். ஏற்றுமதி நாட்டு அரசுக் கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழுக்கு வேறு ஒன்று, அது மிகக் குறுகியது. மூன்றாவது எலியின் வயது. குட்டி போட நல்ல பருவம் சுமார் இரண்டு மாதத்தில் இருந்து ஏழெட்டு மாதம் வரை, காகிதம் இழுக்க இழுக்க ஒதுக்கி வைத்த எலி அங்கே கிழடாகிக்கொண்டிருக்கும். அதனால் 'இன்ன எலி' என்று குறித்து வைக்கச் சொல்லாதீர்கள். இனம், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதை மட்டும் காகிதத்தில் நிலையாக வைத்துவிட்டு, தேதி உறுதியான பிறகு அந்தப் பருவத்தில் உள்ளதைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கை மட்டும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் உதவும் என்று பேராசிரியர் கூடுதலாக இரண்டு பெண் எலி போட்டுத்தருகிறேன் என்றார், கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றோம். உரிமத்தில் இல்லாத எலி நன்கொடை இல்லை, கடத்தல்.

இன்வாய்ஸில் விலை பூஜ்யம் என்று போட்டாலும் வம்புதான். இலவசம்தான், ஆனால் சுங்கத்துக்காக ஒரு மதிப்பைக் காட்டி, வணிக நோக்கம் இல்லை என்று அடியில் எழுதச் சொல்ல வேண்டும். மஸ் மஸ்குலஸ் என்ற விலங்கியல் பெயர் விமானச் சரக்கு ரசீதான ஏர்வே பில்லில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கக் கூடாது. இதையெல்லாம் ஸ்கேன் அனுப்பச் சொல்லி, விமானம் ஏறுவதற்கு முன்பே ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ஏறிய பிறகு திருத்த முடியாது.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதை விட மோசம். சித்திரை, வைகாசி கூடவே கூடாது, கார்கோ தளத்தில் பெட்டி வெயிலில் கால் மணி நேரம் நின்றால் போதும். தை மாதம் சீதோஷ்ணத்துக்குப் பிரமாதம், ஆனால் பொங்கல் விடுமுறை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கினால் சனி, ஞாயிறு யார் கையெழுத்துப் போடுவார்? பல விமானக் கம்பெனிகள் ஆய்வு விலங்கை ஏற்றுவதே இல்லை, ஏற்றுபவர்களும் எல்லா நாளும் எடுப்பதில்லை. கடைசியில் வாரத்தின் நடுவில் விடிகாலை வந்து சேரும் விமானம் அமைந்தது. இறங்கிய இடத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டச் சொன்னார். திறந்தால் உள்ளே இருப்பதன் சுத்தம் போய்விடும், பெட்டி மூடியில் பார்ப்பதற்கென்றே கண்ணாடி மாதிரி ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக எண்ணலாம் என்று ஏஜென்ட் பொறுமையாகப் புரியவைத்தார். இதற்குத்தான் அனுபவப்பட்ட ஏஜென்ட் வேண்டும் என்கிறேன்.

பெட்டியில் தண்ணீர் பாட்டில் இருக்காது, ஒழுகிப் படுக்கை நனைந்தால் எலி குளிரில் செத்துவிடும். பதிலாகத் தண்ணீர் ஜெல்லைக் கட்டியாக வைத்திருப்பார்கள். குவாரண்டைன் அறையில் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, வடிகட்டிய காற்று ஓடும் ஹூடுக்குள் திறந்தபோது, ஜெல்லைக் கிண்ணம் போலக் குடைந்து வைத்துவிட்டு எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் ஒன்றைத் தூக்கி எடை பார்க்கப் போனேன். எங்கள் அட்டெண்டன்ட் அண்ணன் தடுத்தார். "மேடம், முதல்ல தண்ணி. அப்புறம் எடை." சரி என்று பாட்டில்களை மாட்டினோம். அவர் அதோடு விடவில்லை, தீனியை ஊறவைத்துத் தட்டில் போட்டுக் கூண்டின் தரையிலும் வைத்தார். "அந்த ஊர்ல இதுங்களுக்குக் குழாய்ல தானா தண்ணி வந்திருக்கும், பாட்டில் மூக்கைக் கடிக்கணும்னு தெரியாது மேடம். தாகத்துலயே உட்கார்ந்திருக்கும்." ஜெர்மனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன், அங்கே தானியங்கிக் குழாய்தானாம். இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் கிடையாது.

வந்தவுடன் ஜோடி சேர்க்காதீர்கள். வெளிச்சம், தீனி, வாசனை, நேரம் எல்லாம் மாறியிருக்கிறது, கொஞ்ச நாள் விட வேண்டும். முதல் ஈற்றைப் பல தாய்கள் தின்றுவிட்டன. நமக்கு வேண்டிய ஜீன் அமைப்போடு பிறக்கும் குட்டி கால் பங்கு என்று தாளில் போட்டிருப்போம், பிறந்ததே நாலைந்து, அதையும் தின்றுவிட்டால் என்ன பங்கு. கூண்டை நகர்த்துவதைக் குறைத்து, கூடு கட்டப் பஞ்சு நிறையக் கொடுத்த பிறகு அடுத்த ஈற்றுக் குட்டிகள் தங்கின.

குட்டிகளைச் சுத்தம் செய்ய முறையான வழி கருவை எடுத்துச் சுத்தமான தாய்க்கு மாற்றுவது. அந்த வசதி எங்களிடம் இல்லை. நோரோவும் ஹெலிகோபாக்டரும் மட்டும்தான் பிரச்சினை என்பதால் டாக்டர் எளிய வழியைச் சொன்னார்: குட்டி பிறந்த அன்றே இந்தக் கிருமிகள் இல்லாத செவிலித் தாயிடம் மாற்றிவிடுவது. இரண்டும் தாயின் புழுக்கையில் இருந்துதான் பெரும்பாலும் தொற்றும், அதற்குள் பிரித்துவிட்டால் தப்பிக்கும். எலியின் கர்ப்பம் 19 முதல் 21 நாள், ஆகவே செவிலிக்கும் அதே சமயம் குட்டி பிறக்கும்படி முன்கூட்டியே ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். செவிலியாக வெள்ளை எலியைத் தேர்ந்தெடுத்தோம், அதன் சொந்தக் குட்டிகளில் சிலவற்றை விட்டுவைத்தாலும் ரோமம் முளைத்ததும் கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரிந்துவிடும். மாற்றும் குட்டியைச் செவிலியின் படுக்கைத் தூளில் புரட்டி எடுத்து, அதன் வாசனையை ஏற்றி, கையுறை மாற்றி உள்ளே வைக்க வேண்டும். பால் குடித்துவிட்டதா என்று அண்ணன்தான் பார்த்தார். பிறந்த குட்டியின் தோல் அவ்வளவு மெல்லிசு, வயிற்றில் பால் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும்.

பால் மறந்த பிறகு செவிலியின் புழுக்கையையும் குட்டிகளின் புழுக்கையையும் கிருமியைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பி, நெகட்டிவ் வந்தவற்றை மட்டும் உள்ளே விட்டோம். பெரியவை கடைசி வரை குவாரண்டைனிலேயே இருந்தன.

இன்னொரு முறை செய்ய வேண்டி வந்தால் உயிருள்ள எலியே கேட்க மாட்டேன். உறைய வைத்த விந்தணுவோ கருவோ கேட்பேன். வெயில், தாகம், பெட்டியில் எண்ணுவது எதுவும் இல்லை, எலிக்குக் கிழடும் தட்டாது. அதை உயிராக்கும் வசதி பெங்களூரில் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் இருக்கிறது, செலவைக் கேட்டு முதலிலேயே புராஜெக்டில் போட்டுவிடுங்கள். காகிதம் குறையும் என்று நம்ப வேண்டாம், குழாயில் வந்தாலும் மரபணு மாற்றியதுதான், அனுமதி வாங்கத்தான் வேண்டும்.