மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஜப்பான் போய்ச் சேர்ந்த அனுபவம்

ஜப்பான் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகை பற்றி ஊரில் தம்பி தங்கைகள் நிறைய பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஏஜென்ட்டும் தேவையில்லை. "நான் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பப் படிவம், வழிகாட்டிக் குறிப்பு, பழைய கேள்வித்தாள்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

மெக்ஸ்ட் என்பது ஜப்பானின் கல்வி அமைச்சகம். 1954இலிருந்து இந்த உதவித்தொகையைக் கொடுத்து வருகிறார்கள். இரண்டு வழியில் போகலாம். ஒன்று, ஜப்பானியத் தூதரகம் பரிந்துரைப்பது. இன்னொன்று, அங்குள்ள பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. நான் போனது தூதரக வழி, ஆய்வு மாணவர் பிரிவில். பட்டப்படிப்பு முடித்தவர்கள் முதுகலைக்கோ பிஎச்.டி.க்கோ போவது இந்தப் பிரிவில்தான். வயது 35க்குள் இருக்க வேண்டும். முதுகலைக்குப் போக 16 வருடப் படிப்பு கணக்கில் வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பும் நான்கு வருட பி.இ.யும் சேர்ந்தால் சரியாக 16 வந்துவிடும், ஆனால் மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. முடித்தவர்களுக்கு 15தான். சில பல்கலைக்கழகங்கள் தனியாகப் பரிசீலித்து எடுத்துக்கொள்வதுண்டு என்றாலும், எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் நிம்மதி.

நான் கடலூர்க்காரி, படித்தது பி.இ. சிவில். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி, பெயர் சொன்னால் மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஐஐடி பசங்களுக்குத்தான் கிடைக்கும்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேர்வாளர்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது உங்கள் கல்லூரியின் பெயரை வைத்தல்ல, இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தை வைத்துத்தான். மற்ற எல்லாத் தாள்களையும் ஒரு மாதத்தில் சேர்த்துவிடலாம், இந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

என் விஷயத்தைச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையோரம் வரிசையாகச் சவுக்கு நட்டார்கள். ஜப்பானில் செண்டாய்ப் பக்கம் கடலோரப் பைன் காடுகள் பல நூறு வருடமாக இருக்கின்றன. 2011 மார்ச் 11 அன்று வந்த அலை அவற்றில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. ரிகுசென்தகாதா என்ற ஊரில் சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. சரி, இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. "மரம் சுனாமியைத் தடுக்குமா" என்று எழுதினால் அது ஆய்வுத் திட்டமாகாது, பள்ளிக்கூடக் கட்டுரையாகிவிடும். தோப்பின் அகலம் எவ்வளவு, மரத்துக்கு மரம் இடைவெளி எவ்வளவு, எந்தத் தண்டுப் பருமனில் மரம் முறிகிறது, நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கிற இடத்தில் வேர் ஆழம் போகாமல் மரம் வேரோடு சாய்கிறதா, இதை எந்தத் தரவை வைத்து, எந்த மாதிரிக் கணக்கில் போடப்போகிறேன், ஏன் அதை ஜப்பானில்தான் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி எழுதினேன். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது: "முறிந்த மரங்களே மிதந்து வந்து வீடுகளை இடித்தனவே, அப்புறம் எதற்கு நட வேண்டும்?" அந்த முறிவு எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் என் திட்டத்தின் மையம் என்பதால் என்னால் திணறாமல் பேச முடிந்தது. திட்டம் தெளிவாக இருந்தால் நேர்காணலில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜப்பானில் உங்கள் ஆய்வை வழிநடத்தப்போகும் பேராசிரியரைத் தேடுவதற்குக் காகென் என்ற தரவுத்தளம் பெரிய உதவி. ஜப்பான் அரசின் ஆய்வு நிதி யாருக்கு, எந்தத் தலைப்பில் போயிருக்கிறது என்று அதில் பார்க்கலாம். பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்துத் தேடாதீர்கள். உங்கள் தலைப்பில் இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத் தேடுங்கள்.

ஆவணங்கள் பற்றி இரண்டு விஷயம் மட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு தலைவலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்தது மருத்துவச் சான்று. அவர்கள் தரும் படிவத்திலேயேதான் வேண்டும். நான் போன மருத்துவர் சாதாரணமாக ஃபிட்னஸ் சான்று எழுதும் சீட்டை எடுத்துவிட்டார். படிவத்தை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கண் பார்வை, காது, சிறுநீர், ரத்தம், மார்பு எக்ஸ்ரே, அந்த எக்ஸ்ரே எடுத்த தேதி வரை கட்டம் கட்டமாக இருக்கிறது. "இதுல ஒரு கட்டம் காலியா விட்டாலும் உன்னைத் திருப்பி அனுப்புவாங்கம்மா" என்று சொல்லி, எல்லாம் எடுத்து வரச்சொல்லி மறுநாள் பொறுமையாக நிரப்பிக் கொடுத்தார். படிவத்தை முன்கூட்டியே படித்து, என்னென்ன பரிசோதனை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். ஒவ்வொரு ஆவணத்தின் மேல் வலது மூலையிலும் வரிசை எண் எழுதச் சொல்லியிருப்பார்கள், அதையும் விடாதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரிடம் போனால் "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்பார். நம் கல்லூரிகளில் அதுதான் வழக்கம். நான் அவரை உட்கார வைத்து என் புராஜெக்ட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, "சார், இதில் உங்களுக்கு எது பிடித்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் சொன்ன அந்த இரண்டு வரிதான் கடிதத்தில் உயிரோடு இருந்தது.

அறிவிப்பு ஏப்ரலை ஒட்டி வரும், அதன் பிறகு சில வாரங்கள்தான் அவகாசம். முதல் வடிகட்டலுக்குப் பிறகு எழுத்துத் தேர்வு. ஆங்கிலம், ஜப்பானியம் இரண்டிலும் தாள் உண்டு. ஜப்பானியம் தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தை வைத்துத் தேறலாம். ஆனாலும் ஜப்பானிய எழுத்து வகைகளான ஹிரகானா, கதகானா இரண்டையும் கற்றுக்கொண்டு போங்கள்.

இனிமேல்தான் பலர் வழுக்கி விழும் இடம். நேர்காணலும் முடிந்து முதல்நிலைத் தேர்ச்சி என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். வீட்டில் எல்லாரும் கிடைத்துவிட்டது என்று ஸ்வீட் வாங்கிவிடுவார்கள். இன்னும் கிடைக்கவில்லை! அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் இறுதிக்குள் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களை நீங்களே அணுகி, "இந்த மாணவரை ஏற்கத் தயார்" என்று லெட்டர் ஆஃப் அக்செப்டன்ஸ் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பல்கலைக்கழகத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்ற முன்னோர் வழிபாட்டுப் பண்டிகை விடுமுறை, பேராசிரியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அலுவலகங்கள் பல மூடிக் கிடக்கும். அதனால் சான்றிதழ் கையில் வந்த உடனேயே எழுதுங்கள். எனக்கு முதலில் எழுதிய இடத்திலிருந்து "ஆய்வகத்தில் இடம் இல்லை" என்று மரியாதையாக மறுப்பு வந்தது. செண்டாயிலிருந்து வந்த பதிலில் மேலும் இரண்டு கேள்விகள் இருந்தன, அன்றிரவே பதில் எழுதினேன். கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள், திட்டத்தைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரி வரை காத்திருப்புதான். நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக வேலைக்குப் போய்விட்டேன். அம்மாதான் தினமும் "மெயில் வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தால் விடாதீர்கள், வீட்டில் பேச்சும் குறையும், கையில் கொஞ்சம் காசும் சேரும்.

அந்தக் காசு தேவைப்படும். கல்விக் கட்டணம் இல்லை, போக வர விமான டிக்கெட் அவர்களே தருகிறார்கள், ஆய்வு மாணவருக்கு மாதம் 143,000 யென், சில பகுதிகளில் இன்னும் 2,000 அல்லது 3,000 யென் சேரும். ஆனால் முதல் தொகை போன உடனே கைக்கு வராது. அதுவரை சமாளிக்க 2,000 டாலர் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லி வழிகாட்டியிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்காக நகை அடகு வைத்தோம், பிறகு மீட்டுவிட்டோம். உதவித்தொகை என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பைசா செலவில்லை என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அங்கே போன பிறகு ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அந்த மாதப் பணம் வராது.

இன்னொன்று, ஆய்வு மாணவர் என்பது பட்டம் தரும் படிப்பு அல்ல. முதலில் ஆறு மாதம் ஜப்பானிய மொழி வகுப்பு, பிறகு நுழைவுத் தேர்வு எழுதி முறையான முதுகலை மாணவராகச் சேர வேண்டும், உதவித்தொகையை நீட்டிக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட்டிப்பு வந்தால் மாதம் 144,000 யென். என்னோடு விண்ணப்பித்து முதல்நிலையில் தேர்ச்சி பெறாத ஒரு தோழி, தன் பழைய திட்டத்தையே செதுக்கி அடுத்த வருடம் பல்கலைக்கழகப் பரிந்துரை வழியில் விண்ணப்பித்தாள். இப்போது அவளும் ஜப்பானில்தான் படிக்கிறாள்.