கரட்டடிக் குறிப்புகள்

மார்ச் 9

கோடை மழைக்கு முன்னால் கூரைத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைப்பது வழக்கம். இன்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஓடு முழுக்க வெள்ளைப் படலம். விரலால் தேய்த்தால் நறநறக்கிறது. தெற்கே ஓடும், கல் உடைக்கும் கிரஷரின் தூசு. கறிவேப்பிலையில் படிந்தால் அலசிப் போட்டுக்கொள்ளலாம். குடிக்கிற தண்ணீர் இறங்கும் கூரையில் படிந்தால்?

1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் வீட்டுக் கூரை 600 சதுர அடி. 20 மி.மீ. மழை ஒன்று நின்று பெய்தால் ஆயிரம் லிட்டர் கிடைத்துவிடும். குடிக்க, சமைக்க எங்களுக்கு அதுதான். ஆகவே முதல் மழையின் அழுக்கைப் பிரிக்க, தொட்டிக்கு முன்னால் நாலங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினோம். அழுக்குத் தண்ணீர் முதலில் இதில் நிரம்பும், அதற்குப் பிறகு வருவதுதான் தொட்டிக்குப் போகும். அடி மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டால் போதும், அடுத்த மழைக்குள் குழாய் தானாகக் காலியாகிவிடும்.

மார்ச் 16

உலர் கழிப்பறையின் முதல் அறையைத் திறந்தோம். போன வருடம் நிரம்பியதும் மண் பூசி மூடி, இரண்டாவது அறைக்கு மாறியிருந்தோம். ஒரு வருடம் முழுசாக ஆறப்போட்ட பிறகுதான் கை வைப்பது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மேற்குக்காட்டுப் பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். செங்கலைப் பெயர்த்ததும் கறுப்பும் பழுப்புமாய் உதிரி மண் சரிந்தது. சாம்பல் எது, சருகு எது என்று தெரியவில்லை. பெரியம்மா மெல்ல முந்தானையை எடுத்தார். "ஏங் கண்ணு, மழ பேஞ்ச காட்டு மண்ணு மாதிரியல்ல இருக்குது" என்றார்.

மலம் ஒரு துளையில், சிறுநீர் இன்னொன்றில், கால் கழுவும் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாழைக்கு விடுகிறோம். இந்த உரம் மாவுக்கும் தென்னைக்கும் மட்டும், கீரைப் பாத்திக்குப் போகாது. காவிரிக்கு அக்கரையில், முசிறிப் பக்கம், இந்த வகைக் கழிப்பறையை வருடக்கணக்காக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சுப்புராமன். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த வறண்ட பூமியில் நல்ல தண்ணீரை ஊற்றி மலத்தைத் தள்ளுவதை என்னால் இனி ஏற்க முடியாது.

மார்ச் 22

தண்ணீர் தினக் கிராம சபை. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று வழக்கமான பேச்சு. கடைசியில் நான் எழுந்து, கரட்டில், ஊருக்கு மேலே இருக்கும் அந்தப் பாறைக் குன்றில், சர்வே கல் நட்டிருக்கிறார்களே என்று கேட்டேன். சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் ஏறும் பரிவேஷ் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். மூன்று பெயர்களில் மூன்று குவாரி விண்ணப்பம், ஒவ்வொன்றும் 5 ஹெக்டேருக்குக் கொஞ்சம் கீழே. "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்மா" என்று புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

இரவு வரை மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 6

இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் பிறந்த நாள். அவர் உருவாக்கிய வானகம் பண்ணை இங்கிருந்து பக்கம்தான், போய்விட்டு வந்தோம். கட்டாந்தரையாகக் கிடந்த மண்ணில் இன்று நிழலுக்கடியிலேயே நடந்து போகலாம்.

அவரைப் பற்றிப் பேசும்போது பலரும் அமிர்தக் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்து லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் மாட்டு மூத்திரம், கொஞ்சம் வெல்லம். ஒரு நாள் வைத்திருந்து பத்து மடங்கு தண்ணீரில் கலந்து விட வேண்டும். நாங்களும் செய்கிறோம், மண்ணில் பலன் தெரிகிறது. ஆனால் அந்த மனிதர் 2013 டிசம்பர் 30 அன்று உயிர்விட்டது பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில், டெல்டாவுக்கு வந்த மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில். கரைசல் கலக்கிய அதே ஆள்தான் தெருவில் நின்று மறித்தார். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமாக்கினார்களே, அது அப்படி நின்றவர்களால் வந்தது.

எங்கள் மண் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குவாரிக்கு எதிரான மனுவை நீட்டினால், "நமக்கெதுக்குங்க அரசியல், நாம இயற்கையா வாழ்ந்தா போதும்" என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை. நிலத்தடித் தண்ணீருக்கு என் வேலி தெரியாது. பக்கத்தில் ஐம்பதடிக்குப் பாறையை வெட்டி இறைத்தால் என் கிணறும் சேர்ந்து இறங்கும். என் இரண்டு ஏக்கரை மட்டும் தனியாகக் காப்பாற்ற வழியே கிடையாது.

ஏப்ரல் 12

ராத்திரி தேவாங்கு ஒன்று. பெரியப்பா டார்ச்சைச் சட்டென்று தாழ்த்திவிட்டார், அதன் கண் கூசுமாம். அடித்தது ஒரு நொடிதான். கிளுவை வேலியில் இரண்டு செம்பழுப்புக் கண், பிறகு அவசரமே இல்லாமல் கைக்குக் கை மாற்றி நகர்ந்தது. 2022-ல் கடவூர் மலையையும் திண்டுக்கல் பக்கத்துக் காட்டையும் சேர்த்து 11,806 ஹெக்டேரை இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். பூச்சியைத் தின்று நம் வெள்ளாமையைக் காக்கிற பிராணி. சரணாலயத்துக் கோடு எங்கே முடிகிறது என்று அதற்கு யார் சொல்வது? வேலிகளும் கரட்டுப் புதர்களும் இருந்தால்தான் அது போக வர முடியும்.

ஏப்ரல் 17

சாயங்காலம் நல்ல மழை. குடையைக்கூட எடுக்காமல் நானும் பெரியப்பாவும் கரட்டடிக்கு ஓடினோம். பாறைமேல் விழுந்த தண்ணீர் முதலில் சுனைகளில் நிரம்பி, வழிந்து, பொந்தம்புளி மரத்துப் பக்கம் ஒன்றுகூடி ஓடையில் இறங்குகிறது. ஓடை குளத்துக்கு, குளத்தின் ஊற்று கீழ்க்காட்டுக் கிணறுகளுக்கு. மொட்டைப் பாறை, ஒன்றுக்கும் ஆகாது என்று விண்ணப்பத்தில் எழுதிவிடலாம். ஊருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் கூரையே அந்தப் பாறைதான்.

எல்லாவற்றையும் போனில் படம்பிடித்தேன், தேதியும் நேரமும் தெரிய.

ஏப்ரல் 22

சின்னவனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு கிராம வரைபடத்தின் முன் உட்கார்ந்தேன். 500 மீட்டரை வரைபடத்தின் அளவுக்கு மாற்றி, விண்ணப்பித்த இடங்களைச் சுற்றி வட்டம் போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மற்ற இரண்டு இடங்களும் விழுகின்றன.

இதில்தான் விஷயம் இருக்கிறது. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட குவாரி தனியாக வந்தால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாமலே அனுமதி வாங்கலாம். ஆனால் 500 மீட்டருக்குள் இருப்பவற்றை ஒரே தொகுப்பாகத்தான் கணக்கிட வேண்டும், மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக்கேட்பு நடத்தியே ஆகவேண்டும். அப்புறம் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற விதி. காலனியின் கடைசி வீட்டிலிருந்து டேப் பிடித்து அளக்க வேண்டும்.

கேரளத்துப் பிளாச்சிமடையில், கிணறுகளைக் கெடுத்த கோக்க-கோலா ஆலைக்கு முன்னால் பழங்குடிப் பெண்கள் உட்கார்ந்தது 2002-ல் இதே ஏப்ரல் 22-ல்தான். அவர்களை முன்னின்று நடத்திய மயிலம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தால் எப்படி ஆகிறது என்று அவருக்குத் தெரியும், அதிலிருந்து தொடங்கினார். மறுவருடம் அந்த ஊரின் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மே 1

மே தினக் கிராம சபை. இந்த முறை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தோம். எங்கள் ஊராட்சிக்குக் குறைவெண் 100, அத்தனை பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். வேப்பமரத்தடி நிறைந்து, வெயிலிலும் ஆட்கள் நின்றார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார் மம்பட்டியோடு நேரே வந்துவிட்டார்கள்.

"குவாரி விஷயம் கிராம சபைக்கு வராது, அது மேல முடிவு பண்றது" என்றார் கூட்டத்தை நடத்தியவர். "முடிவு அவங்க பண்ணட்டுங்க. ஊரு என்ன சொல்லுதுன்னு எழுதுங்க" என்றார் பெரியம்மா. பேனா அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒரு அக்கா, வெடி வைத்தபோது தன் கிணற்றுச் சுவர் சரிந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் ஆட்டுப் பட்டியில் படிந்த தூசைச் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் எழுதினார்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "மூன்று விண்ணப்பங்களையும் ஒரே தொகுப்பாகக் கருதி" என்ற வரியைச் சேர்க்க வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

மே 6

தீர்மான நகல் முத்திரையோடு கிடைத்தது. ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று கனிமவளத் துறைக்கு, ஒன்று சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு. மழை அன்று எடுத்த படங்களையும் வரைபடத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

கீழ்க்காட்டில் ஒவ்வொரு அமாவாசைக்கும் கிணறுகளை அளக்கப் போகிறோம். அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் கல், ஒரு நோட்டுப் புத்தகம். நாளை ஒரு குவாரி வந்து தண்ணீர் இறங்கினால், முன்னால் எவ்வளவு இருந்தது என்று காட்ட எங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும். கயிறு பெரியப்பா திரிக்கிறார். நோட்டு பத்தாவது படிக்கிற இரண்டு பிள்ளைகள் பொறுப்பு.