பெட்டியில் 'ரைஃபிள்டு' என்று போட்டிருந்தது

நான் இருப்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியோரியாவுக்குப் பக்கத்தில். இங்கே மான் வேட்டைக்கு வழக்கமான ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை, குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 2023 முதல், ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் சில வகை ரைஃபிள்களை அனுமதிக்கிறார்கள். ஆனால் என்னிடம் இருந்தது ஒரு பழைய 12 கேஜ் பம்ப் ஷாட்கன் (கேஜ் என்பது குழலின் அகல அளவு; ஷாட்கன், வழக்கமாகச் சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி; பம்ப் என்றால் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது). இதற்காகப் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் குழலை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

சாதாரண ஷாட்கன் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். மான் வேட்டைக்கென்றே உள்ளே சுருள் பள்ளமாக மரை வெட்டிய குழல், அதாவது 'ரைஃபிள்டு' குழல், தனியாகக் கிடைக்கும். குண்டு அந்த மரையைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால் நேராகப் போகும். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். அப்புறம் கடையில் தோட்டா அலமாரி முன்னால் நின்றேன். ஒரு பெட்டியில் 'ரைஃபிள்டு ஸ்லக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. (ஸ்லக் என்றால் ஷாட்கனில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு.) ரைஃபிள்டு குழலுக்கு ரைஃபிள்டு ஸ்லக். விலையும் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான்கு பெட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

யோசிக்க நிறையவே இருந்தது. அந்த ஸ்லக், 1931-இல் கார்ல் ஃபாஸ்டர் என்பவர் உருவாக்கிய வகை. வழவழப்பான குழலுக்காகவே செய்யப்பட்டது. ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் ஈயம், முன்பக்கம் கனம், பின்பக்கம் குழிவு. இறகுப்பந்து எப்போதும் தலை முன்னால் வரும்படி பறக்கிறதே, அதே கணக்கு. மேலே இருக்கும் சாய்ந்த வரிகளைப் பார்த்துத்தான் 'ரைஃபிள்டு' என்று பெயர். ஆனால் அந்த வரிகளால் குண்டு சொல்லும்படியாகச் சுழல்வதில்லை. குழல் வாய் சற்றுக் குறுகலாக இருந்தால் நசுங்கி வெளியே வர வசதி, அவ்வளவுதான். என்னுடையது போன்ற மரைக் குழலுக்கு வேண்டியது சேபோ. சிறிய குண்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டியிருப்பார்கள். சட்டை மரையைப் பிடிக்கும், வெளியே வந்ததும் கழன்று விழும், குண்டு மட்டும் சுழன்றபடி போகும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பரில் முதல்முறை, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். துப்பாக்கியின் உடம்பில் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, மாட்டத் துளைகள் இருந்தன. பாயிண்ட் 22 என்னும் என் சின்ன ரைஃபிளில் இருந்த ஸ்கோப்பைக் கழற்றி இதில் மாட்டியிருந்தேன். இரண்டாவது தோட்டாவிலேயே ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து புருவத்துக்கு மேலே அரைவட்டமாகக் கிழித்தது. பாயிண்ட் 22 உதைக்காது. அதற்கான ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைத்துத்தான் பார்க்க முடியும். 12 கேஜ் ஸ்லக்கின் உதையே வேறு. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மீதியையும் சுட்டேன். (சுட்டிருக்கக் கூடாது.) 50 கஜத்தில் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருந்தன.

வீட்டுக்கு வந்து குழலைக் கழற்றி விளக்கைப் பிடித்துப் பார்த்தால், மரையின் பள்ளங்களில் ஈயம் செதில் செதிலாக அப்பியிருந்தது. வெண்கலப் பிரஷ்ஷும் கரைப்பானுமாக இரண்டு ராத்திரி தேய்த்தேன். மறுபடி மாட்டிச் சுட்டால் எல்லாம் மூன்று அங்குலம் இடப்பக்கம் போய்விட்டது. ஸ்கோப்பை நான் தொடவே இல்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சோள விவசாயி ஒருவர். நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். என் புருவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துப்பாக்கியை வாங்கிக் குழலைப் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டினார். நூலிழை அளவு அசைந்தது. கழற்றி மாட்டும் குழலில் அது இருக்கத்தான் செய்யும். குழல் ஒரு பக்கம் அசைய, ஸ்கோப் உடம்போடு நின்றுவிட்டால் இரண்டும் வேறு வேறு திசையைப் பார்க்கும். "ஸ்கோப் எதோட சேர்ந்து அசையணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

குழலை வாங்கிய இடத்திலேயே கொடுத்து, மேலே பணம் கட்டி, கேண்டிலீவர் வைத்த குழலாக மாற்றிக்கொண்டேன். குழலோடு பொருத்திய ஒரு பட்டை பின்பக்கம் துப்பாக்கியின் மேல் நீண்டிருக்கும், ஸ்கோப் அதன்மேல் உட்காரும். குழல் எப்படித் திரும்பினாலும் ஸ்கோப்பும் கூடவே திரும்பும். புது ஸ்கோப்பும் வாங்கினேன். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும். முக்கியமாக, கண்ணை நாலு அங்குலம் தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும்.

பிறகு தோட்டாத் தேடல். சேபோ ஐந்து தோட்டாப் பெட்டியே பதினைந்து, இருபது டாலர். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு காபிக்கான காசு போகிறது. மூன்று வகை வாங்கினேன். 300 கிரெயின் (ஏறக்குறைய 19 கிராம்) எடையில், விநாடிக்கு 2000 அடி வேகத்தில் போவது ஒன்று. 385 கிரெயினில் 1900 அடி இன்னொன்று. மூன்றாவது மூன்று அங்குல நீளத் தோட்டா. வகை மாற்றும்போதெல்லாம் குழலைச் சுத்தம் செய்தேன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவே பத்து நிமிடம் ஆறவிட்டேன். 100 கஜத்தில், மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, வகைக்கு மூன்று. நான் பெரிதாக நம்பியிருந்த வேகமான 300 கிரெயின் ஏழு அங்குலத்துக்குச் சிதறியது. நீளத் தோட்டா ஐந்து அங்குலம், போனஸாகத் தோளில் நீலத் தழும்பு. 385 கிரெயின் மூன்று அங்குலத்துக்குள் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரரின், குழல் சற்றுச் சிறிய 20 கேஜ் ஷாட்கனுக்கோ வேகமான, லேசான குண்டுதான் பிடித்திருக்கிறது. அவர் குழலில் மரை 24 அங்குலத்துக்கு ஒரு சுற்று, என்னுடையதில் 35 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஒரே மரை அளவுள்ள இரண்டு குழல்கள்கூட வேறு வேறு தோட்டாவைக் கேட்பதுண்டு. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கோப்பைத் திருத்தும்போது ஒரு கணக்குப் பிழையில் மூன்று தோட்டா வீண். ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குண்டு படும் இடம் கால் அங்குலம் நகரும் என்பது 100 கஜத்துக்கு. நான் 50 கஜத்தில் நின்றுகொண்டு, நாலு அங்குலம் ஏற்ற 16 கிளிக் திருகினேன். ஏறியது இரண்டே அங்குலம். 32 திருகியிருக்க வேண்டும். கடைசியில் 100 கஜத்தில் நேராகப் படும்படி வைத்தேன். 50-இல் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே படுகிறது. அது போதும்.

நவம்பரில், நன்றிகூறும் நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை முதல் சீசன் தொடங்கியது. ஆரஞ்சு அங்கி, ஆரஞ்சு தொப்பி, துப்பாக்கியில் மூன்று தோட்டா. சோளக்காட்டு ஓரம் மரத்தடியில் விடியலுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். 100 கஜத்தில் இருந்த வேலிக்கம்பத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்கோப்பை 9-இல் வைத்திருந்தேன். ஏழரை மணிக்கு ஒரு பெட்டை மான் ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்து முப்பது கஜத்தில் நின்றது. குறி பார்த்தேன். ஸ்கோப் முழுக்கப் பழுப்பு மயிர். எது தோள், எது வயிறு, ஒன்றும் புரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, இடது கையால் மெதுவாக 3-க்குத் திருப்பினேன். மான் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. அப்புறம் மறுபடி குனிந்து சோளத்தைப் பொறுக்க ஆரம்பித்தது.