இன்னொரு பிராசஸின் மெமரியை வாசிப்பது: லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸின் மெமரியை வெளியிலிருந்து வாசிக்கும் சிறிய லைப்ரரியை மூன்று தளங்களுக்கும் எழுதினால் ஒன்று சீக்கிரமே புரியும். பைட்டுகளை எடுத்துவரும் அழைப்பு ஒரு வரிதான். வேலை முழுக்க அனுமதி வாங்குவதிலும், பாதியில் நின்றுபோகும் வாசிப்பைச் சரியாகக் கையாள்வதிலும்தான்.

லினக்ஸில் தொடங்குவது நல்லது. கெர்னல் 3.2 முதல் பிராசஸ்_விஎம்_ரீட்வி என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் நேரடியாக வேலை கேட்கும் அழைப்பு) இருக்கிறது. அல்லது ப்ராக் (/proc) அடியில் அந்தப் பிராசஸின் எண்ணான பிஐடி பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் உள்ள மெம் ஃபைலைத் திறந்து, முகவரியையே ஆஃப்செட்டாகக் கொடுத்து பிரீட் (குறித்த இடத்திலிருந்து வாசிக்கும் அழைப்பு) செய்யலாம். டீபக்கர்கள் பயன்படுத்தும் பீட்ரேஸ் அழைப்பின் பீக்டேட்டாவும் உண்டு. ஆனால் அது 64 பிட்டில் ஒரு தடவைக்கு 8 பைட்தான் தரும், பெரிய பஃபருக்கு உதவாது. முதல் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது: வாசிப்பு அனுமதி நீக்கப்பட்ட பேஜையும் (மெமரியை ஓஎஸ் பிரித்து வைக்கும் நிலையான அளவுத் துண்டு) மெம் ஃபைல் பொதுவாகத் தந்துவிடும், சிஸ்டம் கால் மறுத்துவிடும்.

அனுமதியில் வழி மறிப்பது யாமா என்ற கெர்னல் பாதுகாப்பு அமைப்பு. அதன் பீட்ரேஸ்_ஸ்கோப் மதிப்பு 1 என்றால் (உபுண்டுவில் அதுவே இயல்பு), நம் பிராசஸ் தோற்றுவித்த பிள்ளைகளை மட்டுமே வாசிக்கலாம். டெஸ்ட் எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். டெஸ்ட் தானே ஒரு சைல்டு பிராசஸை உருவாக்கி வாசிக்கும், எல்லாம் பச்சை. நிஜத்தில் வேறு பிராசஸின் பிஐடியைக் கொடுத்ததும் அனுமதி மறுப்பு எரர் வரும். அதனால் உறவில்லாத ஒரு பிராசஸை வைத்தும் கட்டாயம் சோதிக்க வேண்டும். தீர்வு ரூட்டாக ஓட்டுவது, அல்லது நம் நிரலுக்கு கேப்_சிஸ்_பீட்ரேஸ் என்ற தனி அனுமதி தருவது. இலக்கு நிரல் (நாம் வாசிக்கும் பிராசஸ்) நம்முடையதென்றால் அதுவே பிஆர்சிடிஎல் என்ற சிஸ்டம் கால் வழியாக நம் பிஐடிக்கு இசைவு தரலாம்.

எந்த முகவரி உயிரோடு இருக்கிறது என்பதை அதே பிஐடி ஃபோல்டரிலுள்ள மேப்ஸ் ஃபைல் சொல்லும். அதில் கெர்னலே வைக்கும் விவார் பகுதியைத் தாண்டிவிடுங்கள், வாசிக்க முயன்றால் எரர்தான். விசிஸ்கால் வரியையும் தாண்டுங்கள். அதன் முகவரி குறியுடைய 64 பிட் எண்ணில் அடங்காது, பைத்தானில் சீக் செய்தாலே ஓவர்ஃப்ளோ.

விண்டோஸில் ஓப்பன்பிராசஸிடம் விஎம்_ரீட், குவரி_இன்ஃபர்மேஷன் இரண்டு உரிமைகளையும் கேட்டு, அந்தப் பிராசஸைக் குறிக்கும் ஹேண்டிலை வாங்கி, விர்ச்சுவல்குவரிஎக்ஸ் கொண்டு மெமரியில் பகுதி பகுதியாக நடந்து, ரீட்பிராசஸ்மெமரியை அழைக்க வேண்டும். கமிட் ஆன (உண்மையில் ஒதுக்கப்பட்ட) பகுதியை மட்டும் எடுங்கள். அணுகவே முடியாத நோஅக்சஸ் பேஜ்களையும், தொட்டாலே எச்சரிக்கை எழுப்பும் கார்டு பேஜ்களையும் விட்டுவிடுங்கள். எரர் 5 என்றால் அனுமதி இல்லை. எரர் 299 என்றால் கேட்ட நீளத்தில் ஏதோ ஓர் இடம் வாசிக்க முடியாதது. வாசிக்கும் நிரலை 64 பிட்டாகவே கட்டுங்கள். 32 பிட் நிரலின் பாயிண்டரில் 64 பிட் இலக்கின் முகவரி அடங்காது.

மேக்ஓஎஸ்தான் மிகவும் கண்டிப்பு. இலக்கை அணுக உரிமை கேட்கும் டாஸ்க்_ஃபார்_பிட் அழைப்பு 5 என்று திரும்பினால் அனுமதி மறுப்பு என்றே பெரும்பாலும் பொருள். ரூட்டாக ஓட்ட வேண்டும், அல்லது டீபக்கர் என்டைட்டில்மென்ட்டோடு (நிரலுடன் சேரும் அனுமதிக் குறிப்பு) நிரலைக் கோட்சைன் (டிஜிட்டல் கையொப்பம்) செய்ய வேண்டும். இலக்கு, ஹார்டன்ட் ரன்டைம் என்ற கூடுதல் பாதுகாப்போடு வந்து, பிறர் வாசிக்க இசைவு தரும் கெட்-டாஸ்க்-அலவ் என்டைட்டில்மென்ட் இல்லாத ஆப் என்றால், எஸ்ஐபி (மேக்கின் சிஸ்டம் பாதுகாப்பு) இயங்கும்வரை ரூட்டுக்கும் கதவு திறக்காது. வாசிக்க மாக்_விஎம்_ரீட்_ஓவர்ரைட்டைப் பயன்படுத்துங்கள். வெறும் மாக்_விஎம்_ரீட் ஒவ்வொரு முறையும் நம் பக்கம் புதிதாக மெமரி ஒதுக்கித் தரும், விடுவிக்காவிட்டால் லீக். ஆப்பிள் சிலிக்கானில் பேஜ் அளவு 16384 பைட், 4096 அல்ல. சிஸ்டத்திடம் கேட்டே வாங்குங்கள்.

இனி எல்லைச் சோதனை. இலக்கில் அடுத்தடுத்து இரண்டு பேஜ் ஒதுக்கி, இரண்டாவதை விடுவித்துவிட்டு, எல்லைக்கு 32 பைட் முன்னிருந்து 64 பைட் கேளுங்கள். மெம் ஃபைல் 32 பைட் தந்து நிற்கும். விண்டோஸ் 299 தரும். மேக்ஓஎஸ் மொத்தமாக மறுக்கும். மூன்றையும் ஒரே குணத்துக்குக் கொண்டுவர, வாசிப்பைப் பேஜ் எல்லைகளில் வெட்டி, ‘இத்தனை பைட் கிடைத்தது’ என்ற எண்ணையே திருப்பித் தர வேண்டும். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஃபங்ஷன் இங்கே போதாது. லினக்ஸின் பிராசஸ்_விஎம்_ரீட்வியில் பேஜுக்கு ஓர் ஐஓவெக் (முகவரியும் நீளமும் கொண்ட பதிவு) கொடுத்தால் ஓர் அழைப்பில் 1024 வரை அனுப்பலாம்.

இலக்கை நிறுத்தாமல் வாசித்தால், பாயிண்டரை எடுத்த நொடிக்கும் அது சுட்டுவதை எடுக்கும் நொடிக்கும் இடையில் அந்த இடம் விடுவிக்கப்பட்டிருக்கலாம். லிங்க்டு லிஸ்ட் போன்றவற்றில் நடக்கும்போது லினக்ஸில் சிக்ஸ்டாப் சிக்னல், மேக்கில் டாஸ்க்_சஸ்பெண்ட், விண்டோஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சஸ்பெண்ட்த்ரெட் என்று நிறுத்தி, வாசித்தவுடன் ஓடவிடுங்கள்.