மதிப்பெண்ணைக் கேட்காத மாதங்கள்

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை 7.30 மணிக்கு, வீட்டிலிருந்து 40 நிமிடத் தொலைவில் உள்ள வேறோர் ஊரின் உயர்நிலைப் பள்ளி வாசலில் என் மகளை இறக்கிவிட்டேன். பதிவு செய்ய நாங்கள் தாமதித்ததால் எங்கள் ஊர்ப் பள்ளியில் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கான இடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. அவள் பையில் மடிக்கணினி, சார்ஜர், அடையாள அட்டை, நுழைவுச் சீட்டு, இரண்டு பென்சில், இடைவேளைக்கு ஒரு வாழைப்பழம் எல்லாம் இருந்தன. முந்தின இரவே அவளாக எடுத்து வைத்தவை அவை; நான் திறந்து பார்க்கவில்லை. “நல்லா எழுது” என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “போயிட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஒரு சொல்லை விழுங்கப் பழக எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

அமெரிக்காவில் 11ஆம் வகுப்பை ஜூனியர் இயர் என்பார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது முழு ஆண்டு மதிப்பெண்ணாகக் கடைசியாகப் போய்ச் சேர்வது இந்த ஆண்டுடையதுதான் என்பதால், உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் இதுவே மிகவும் கனமானது. அக்டோபரில் எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி., வசந்த காலத்தில் எஸ்.ஏ.டி., மே மாதத்தில் இரண்டு வாரம் கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுகள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். பி.எஸ்.ஏ.டி.யின் மதிப்பெண்ணைக் கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்பதில்லை. ஆனால் நேஷனல் மெரிட் என்னும் உதவித்தொகைப் போட்டிக்கு அதுவே வாசல். நாடு முழுவதும் ஏறத்தாழ 16,000 பேர் அதன் அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள். அதற்கான எல்லைக்கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாங்கள் வாழும் நியூ ஜெர்சியில் அது நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று.

நவம்பரில் அந்த மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான், எல்லைக்கோட்டை எட்டுமா என்பதுதான் ஐயம். அந்த வாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, இன்னொரு அம்மா தன் மகனின் மதிப்பெண்ணைச் சொன்னார். நானும் என் மகளின் எண்ணைச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல், “கணக்குல இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வீடு வரும்வரை வண்டியில் ஒரு பேச்சும் இல்லை. கதவைத் திறந்து இறங்கும்போது, “அது என்னோட ஸ்கோர்மா. அதை ஏன் நீ அவங்ககிட்ட சொன்ன?” என்று கேட்டாள். அன்று மாலை, அதுவரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிசம்பர் முழுவதும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

இந்தப் பதற்றம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை அந்த மாதத்தில்தான் யோசித்துப் பார்த்தேன். நான் 1998இல் பிளஸ் டூ எழுதியவள். 1200க்கு எவ்வளவு என்று தெருவே கேட்டது. பொறியியலுக்குக் கட்-ஆஃப் 300: கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100. அரை மதிப்பெண் குறைந்தால் தர வரிசையில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பின்னால் போய்விடுவோம். நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு ஒரே முறை. அன்று காய்ச்சல் வந்தாலும், பேருந்து தவறினாலும் அந்த ஆண்டு போனது போனதுதான். கட்டுரை கிடையாது, பரிந்துரைக் கடிதம் கிடையாது. செல்வாக்கு பாராமல், இட ஒதுக்கீட்டோடு மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்த அந்த முறைதான் என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரைக் கரையேற்றியது. அதன்மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு. தமிழ்நாட்டில் அந்த நுழைவுத் தேர்வை எடுத்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்த ஒற்றை நாளின் பயம் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. அதைத்தான் கடல் கடந்து கொண்டுவந்து, முற்றிலும் வேறான ஒரு முறைக்குள் நிற்கும் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எஸ்.ஏ.டி.யை ஆண்டுக்கு ஏழெட்டு முறை நடத்துகிறார்கள். பல கல்லூரிகள், வெவ்வேறு நாள்களில் எழுதியவற்றுள் ஒவ்வொரு பகுதிக்கும் எது உயர்ந்ததோ அதை எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. மார்ச் மாதக் கணிதமும் ஜூன் மாத ஆங்கிலமும் ஒன்றுகூடி ஒரே மதிப்பெண்ணாகலாம். போதாததற்கு, தேர்வே வேண்டுமா என்பதிலும் கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் அதைக் கட்டாயமில்லை என்று தளர்த்தின. 2022இல் எம்.ஐ.டி. மீண்டும் கட்டாயமாக்கியது, 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை அந்த வழிக்குத் திரும்பின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ, மாணவர் தானாகக் கொடுத்தாலும் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், இந்தத் தேர்வு பல கதவுகளுள் ஒன்றின் சாவி என்பது என் மனத்தில் உறைத்தது.

ஜனவரியில் ஒரு நாள் இரவு அவள் அறைக் கதவைத் தட்டி, “இனிமேல் உன் மதிப்பெண்ணை நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவள் நம்பவில்லை. நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஊரிலிருந்து அவளுடைய பாட்டி தொலைபேசியில் “எவ்வளவு வாங்கினா?” என்று கேட்டபோது, “அவகிட்டயே கேளுங்கம்மா” என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தது.

அதன்பின் ஞாயிறு காலைகளில் அவள் மாதிரித் தேர்வு எழுதினாள். 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. முழுவதும் கணினியில்தான் நடக்கிறது. புளூபுக் என்னும் செயலியில் எழுதவேண்டும். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 64 நிமிடத்தில் 54 கேள்விகள், கணிதத்தில் 70 நிமிடத்துக்கு 44 கேள்விகள், இடையில் பத்து நிமிட ஓய்வு. ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாக வரும். முதற்கூற்றில் எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டாம் கூறு கடினமாகவோ எளிதாகவோ அமையும். உயர்ந்த மதிப்பெண்களை எட்டக் கடினமான கூறு வந்தாக வேண்டும். அதே செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான் அகாடமி என்னும் இணையதளத்தில் பயிற்சியும் இலவசம். ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிச் சேர வேண்டிய பயிற்சி வகுப்பு ஒன்றின் துண்டறிக்கையை நான் மூன்று வாரம் கைப்பையில் வைத்திருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். அவள் பேச்சைக் கேட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஒரு ஞாயிறு, அவள் தவறவிட்ட கணக்குகளைத் தானாகவே எனக்குக் காட்டினாள். முதற்கூற்றில் கடைசி ஐந்து கேள்விகளில் நான்கு தவறு. அவற்றில் மூன்று, அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவை. பழைய நானாக இருந்தால் “கவனம் இல்லை” என்றிருப்பேன். “இந்த இடத்துல என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டேன். திரையின் மேற்புறம் ஓடும் கடிகாரம் பயமுறுத்துவதால் அதை மறைத்துவிடுவதாகவும், கடைசி ஐந்து நிமிடத்தில் அது தானாகத் திரும்பத் தோன்றும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதாகவும் சொன்னாள். நடுவில் ஒரு கேள்வியில் ஆறு நிமிடம் உட்கார்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள்: ஒரு கேள்வி பிடிபடாவிட்டால் அடையாளமிட்டு நகர்ந்துவிடுவது, கடிகாரத்தைத் திறந்தே வைத்துப் பழகுவது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால் எதையும் வெறுமையாக விடுவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டாள்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்துத் தீர்வு கேட்ட ஒரு கணக்கை, நான் ஒரு தாளை எடுத்து, ஒன்றை மூன்றால் பெருக்கி, மற்றதிலிருந்து கழித்து, படிப்படியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் செயலிக்குள்ளேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டரில் இரண்டையும் உள்ளிட்டாள். இரண்டு கோடுகள் தோன்றின. அவை வெட்டிக்கொண்ட புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினாள். என் தாளில் நான் இன்னும் கழித்து முடிக்கவில்லை. கையால் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் இந்தத் தேர்வை எப்படி எழுதவேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை அந்தப் புள்ளியைப் பார்த்தபோது ஒப்புக்கொண்டேன்.

தூக்கத்தைப் பற்றி எனக்கும் என் கணவருக்கும் ஒரே கருத்து. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலேயே சொன்னது. எங்கள் பள்ளி 7.40க்குத் தொடங்குகிறது. ஏ.பி. வேதியியல் குறிப்பேட்டின்மேல் கன்னத்தை வைத்து, விளக்கு எரிய, அவள் தூங்கிக்கிடந்ததை ஒரு நள்ளிரவில் பார்த்த பிறகு, 11 மணிக்கு இணையத்தை நிறுத்திவிடுகிறோம். முதல் வாரம் சண்டை; பிறகு பழகிவிட்டது.

பெற்றோராகிய நாம் மட்டுமே செய்யக்கூடியது என்று ஒன்று உண்டென்றால் அது பணத்தைப் பற்றிய பேச்சு. நம் வீடுகளில் அதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறோம். “நீ படி, பணத்தை நாங்க பார்த்துக்கிறோம்” என்று அன்பினால்தான் சொல்கிறோம்; ஆனால் இடம் கிடைத்த பிறகு ஏப்ரல் மாதத்தில் “அவ்வளவு முடியாதும்மா” என்று சொல்ல நேர்ந்தால், அந்த அன்பே பிள்ளைக்குக் கொடுமையாகிவிடும். கூட்டாட்சி அரசின் உதவித்தொகை விண்ணப்பம் 12ஆம் வகுப்பில்தான் வருகிறது என்றாலும், அதில் கணக்கிடப்படும் வருமானம், ஜூனியர் இயரின் நடுவில் டிசம்பரோடு முடியும் ஆண்டின் வருமானம். ஆகவே, அந்த எண் இந்நேரம் முடிவாகிவிட்டது. கூட்டாட்சி அரசின் உதவித்தொகைத் திட்டங்களில் சேர்ந்துள்ள கல்லூரிகள், உதவித்தொகை போக நாம் கட்டவேண்டியது எவ்வளவு என்று மதிப்பிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைச் சட்டப்படி தம் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து, அவள் விரும்பிய ஏழு கல்லூரிகளுக்கும் கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு எங்களால் கொடுக்க முடிந்த தொகையை என் கணவர் ஒரு தாளில் எழுதி அவள் முன் வைத்தார். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கல்லூரிகளின் பெயரைத் தானே அடித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அவளோ, “இப்பவே தெரிஞ்சது நல்லதுப்பா” என்றாள்.

பெற்றோரின் பணி விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளரும் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். குழந்தையாக இங்கே வந்து, இங்கேயே படித்து வளர்ந்திருந்தாலும் கூட்டாட்சி அரசின் உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்த விசாவும் முடிந்துவிடும், கல்லூரி நடுவிலேயே மாணவர் விசாவுக்கு மாறவேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகனிடம் இதை 12ஆம் வகுப்பின் இறுதியில்தான் சொன்னார்கள். அந்த வீட்டின் அந்தக் கோடைக்காலத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் இந்த நிலை இருந்தால், தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 11.15க்கு அவள் வெளியே வந்தாள். வண்டியில் ஏறி, காலணியைக் கழற்றிவிட்டு, “பசிக்குதும்மா” என்றாள். தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோயிருந்தேன். வாகன நிறுத்தத்திலேயே வைத்துச் சாப்பிட்டாள். பக்கத்து வண்டியில் ஒரு தந்தை மகனிடம் கேள்வி கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சன்னல் வழியே அந்தப் பையன் எங்கள் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிச் சாப்பாட்டில், “கடிகாரத்தை மறைக்கலை” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. அன்று மாலை நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து, அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போனாள். அது அவளுடையது என்பதால் இங்கே எழுதவில்லை. ஆங்கிலப் பகுதியை இன்னும் உயர்த்தலாம் என்று அவளுக்கே தோன்றியதால் ஜூன் தேர்வுக்கும் பதிந்திருக்கிறாள். இம்முறை எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. ஏ.பி. தேர்வுகள் சென்ற வாரம் முடிந்தன. பரிந்துரைக் கடிதத்துக்கு வேதியியல் ஆசிரியரிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட்டாள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும்போது 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை எழுதவேண்டும். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

வண்டி ஓட்டப் பழகுநர் உரிமமும் இந்த ஆண்டுதான் வாங்கினாள். ஜூன் தேர்வன்று பள்ளிவரை தானே ஓட்டிக்கொண்டு போவதாகவும், நான் பக்கத்து இருக்கையில் பேசாமல் வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். சரி என்றிருக்கிறேன்.